பாசி எரிபொருள் ஆலையில் வெப்பம் எங்கே தொலைகிறது: அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

குளம் பச்சைப்பசேலென்று இருக்கும். எண்ணெயும் வந்துகொண்டிருக்கும். மாதக் கடைசியில் பாய்லருக்குப் போட்ட விறகையும் கரண்ட் பில்லையும் எடுத்து வைத்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும், எடுத்த எரிபொருளைவிட எரித்தது அதிகம் என்று. கடலோரத்தில் ஒரு சிறிய சோதனை ஆலையில் இந்தக் கணக்கை மாதாமாதம் போட்டு, மாதாமாதம் மனம் சோர்ந்தவன் நான். சரி செய்ய முடிந்தவற்றையும் அவற்றை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நுண்பாசி ஆலையில் வேலை பார்க்கும் யாருக்காவது ஒரு மாதம் மிச்சமானால் நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாசி ஆலையில் கோளாறு தெரிகிற இடம் வேறு, இருக்கிற இடம் வேறு. டிரையரில் தெரிவது பெரும்பாலும், குளத்து நீரைச் சுழற்றிப் பாசியைப் பசையாகப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் பிறந்தது. சென்ட்ரிஃப்யூஜில் தெரிவது குளத்தில் பிறந்தது. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் அந்த இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன் அதற்கு முந்தைய கட்டத்தில் எவ்வளவு தண்ணீர் கூட வருகிறது என்று பாருங்கள்.

எல்லா அளவையும் ஒரு கிலோ உலர் பாசிக்கு எவ்வளவு என்று மாற்றி எழுதிக்கொள்வதும் முக்கியம். ஒரு கிலோ உலர் பாசிக்குள் இருப்பது சுமார் 20 முதல் 24 மெகாஜூல். நம் கையிருப்பு அவ்வளவுதான். குளத்து நீரை ஓடவிடும் துடுப்புச் சக்கரம், பம்ப், பாய்லர் எல்லாமே இதிலிருந்துதான் செலவழிக்கின்றன. பொதுவாக ஒரே மீட்டர் வைத்து மொத்த யூனிட்டை மட்டும் பார்த்தால் எதுவும் பிடிபடாது. பெரிய மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: டிரையர் தின்னும் எரிபொருள் எண்ணெயின் ஆற்றலைவிட அதிகம்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலில் கணக்கு. சென்ட்ரிஃப்யூஜிலிருந்து வரும் பசையில் 20 சதவீதம் திடப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உலர் பாசியோடு 4 கிலோ தண்ணீர் வருகிறது. 10 சதவீத ஈரப்பதம் வரை காய வைக்க அதில் சுமார் 3.9 கிலோவை ஆவியாக்க வேண்டும். 30 டிகிரித் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க கிலோவுக்கு ஏறக்குறைய 2.55 மெகாஜூல் என்றால், ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டாலும் 10 மெகாஜூல் ஆகிறது. நடைமுறையில் ஸ்பிரே டிரையர் கிலோ தண்ணீருக்கு 4 முதல் 5 மெகாஜூல் வாங்கும். அப்படியானால் 16 முதல் 19 மெகாஜூல். அந்தப் பாசியில் 25 சதவீதம் எண்ணெய் இருந்தாலும், எண்ணெயின் ஆற்றல் 9 மெகாஜூலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

ஆக, டிரையர் நன்றாக இருந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. பர்னரை எவ்வளவு டியூன் செய்தாலும் 5 சதவீதம்தான் மிச்சமாகும். தேட வேண்டியது பசையில் உள்ள தண்ணீரை.

பசையை நீங்களே அளந்து பாருங்கள். ஒரு அலுமினியத் தாள் கிண்ணத்தை எடை போட்டு, அதில் 10 கிராம் பசையை மெல்லியதாகத் தடவி, 105 டிகிரி அவனில் வைத்து, எடை மாறாமல் நிற்கும் வரை காய விடுங்கள். எங்கள் பதிவேட்டில் ‘20 சதவீதம்’ என்று மாதக்கணக்காக ஒரே எண்ணை எழுதி வந்தோம். ஒரு நாள் சந்தேகப்பட்டு அளந்தபோது 17 வந்தது. அதுவும் உண்மையில் 17 இல்லை. நாங்கள் வளர்த்தது கடல்நீர்ப் பாசி. பசையில் மீதமுள்ள தண்ணீர் கடல்நீர், அதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அவனில் தண்ணீர் போய்விடும், உப்பு கிண்ணத்திலேயே தங்கும். அந்தக் கிண்ணத்தை அப்படியே 550 டிகிரி உலையில் வைத்து எரித்து, மிஞ்சிய சாம்பலைக் கழித்தால்தான் பாசி எவ்வளவு என்று தெரியும். கழித்துப் பார்த்தோம், ஏறக்குறைய 14.

20-க்கும் 14-க்கும் வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் 14 சதவீதத்தில் ஒரு கிலோ பாசியோடு வரும் தண்ணீர் 6 கிலோ. கிலோவுக்கு 4.5 மெகாஜூல் என்று வைத்தால் 17.5 இருந்த இடத்தில் 27 ஆகிறது. பாசிக்குள் இருக்கும் மொத்த ஆற்றலையே தாண்டிவிட்டது.

பசை தண்ணீராக வந்தால் சென்ட்ரிஃப்யூஜில் பார்க்க வேண்டியவை: கிண்ணத்தில் சேர்ந்த பசையை வெளியே தள்ளும் நேர இடைவெளி மிகக் குறைவாக இருக்கிறதா, தள்ளும்போது கூடவே நிறையத் தண்ணீர் போகிறதா, உள்ளே விடும் ஓட்டம் அதிகமா. எங்களுக்கு இடைவெளியை நீட்டியதே பாதி வேலையைச் செய்தது. கடல்நீர்ப் பாசியாக இருந்தால் நன்னீரில் ஒருமுறை அலசுவது சாம்பலைக் குறைக்கும், ஆனால் அலசும்போது சில இனங்களில் செல் வெடித்து எண்ணெய் தண்ணீரோடு போகும். சிறிய அளவில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்த கேள்வி, வெளியேறும் ஆவியின் வெப்பத்தைத் திரும்பப் பிடிக்க முடியாதா? இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்பிரே டிரையரின் புகைபோக்கியில் கை வைக்க முடியாத சூடு, 85 டிகிரி. அதைப் பார்த்து ஒரு எக்ஸ்சேஞ்சர் (ஒரு ஓட்டத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் அதில் ஆவி கொஞ்சம், காற்றே அதிகம். பனிநிலை 45 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆவி தண்ணீராக மாறினால்தான் பெரிய வெப்பம் கிடைக்கும், அது 45-க்குக் கீழேதான் நடக்கும். அந்தச் சூட்டை வைத்து உள்ளே போகும் காற்றைச் சற்று வெதுவெதுப்பாக்கலாம், அதற்குமேல் ஒன்றும் ஆகாது.

காற்றே இல்லாமல் உலர்த்தினால் கதை மாறும். டிரம் அல்லது அதிசூட்டு நீராவி டிரையரில் வெளியே வருவது வெறும் நீராவி. அதைக் கம்ப்ரஸரில் இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் அது 120 டிகிரியில் தண்ணீராக மாறி, அதே டிரையருக்கு வெப்பம் கொடுக்கும். கம்ப்ரஸருக்குப் போவது கிலோ ஆவிக்குச் சுமார் 190 கிலோஜூல், அதாவது 0.05 யூனிட்டைச் சற்றே தாண்டும். திரும்பக் கிடைப்பது 2,200 கிலோஜூல். அந்த மின்சாரத்துக்காக அனல்மின் நிலையத்தில் மூன்று மடங்கு எரித்ததாகக் கணக்கிட்டாலும் நான்கில் ஒரு பங்கு செலவுதான். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அட்சுஷி ட்சுட்சுமி குழு இந்தக் கருத்தைத்தான் தன்வெப்ப மீட்சி என்ற பெயரில் முறைப்படுத்தி வளர்த்தது. முதலீடு அதிகம், கம்ப்ரஸர் சத்தமும் பராமரிப்பும் உண்டு. ஆனாலும் உலர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

வெயிலில் காய வைப்பதா? செய்யலாம். ஸ்பைருலினாக்காரர்கள் பசையை இடியாப்பம் போலப் பிழிந்து வலையில் காய வைப்பார்கள். நூலாகப் பிழிந்தால் காற்று எல்லாப் பக்கமும் படும், சீக்கிரம் காயும். எண்ணெய்க்காக வளர்க்கும் பாசியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஈரப்பசையை ராத்திரி முழுக்க வெளியே விட்டால் நொதிகள் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கிவிடும். மறுநாள் பயோடீசல் தொட்டியில் காரம் சேர்த்ததும் சோப்பு நுரை பொங்கினால், குற்றம் அந்தத் தொட்டியில் இல்லை, முந்தின ராத்திரியில்.

அறிகுறி: சென்ட்ரிஃப்யூஜ் மீட்டர் ஓட்டமாய் ஓடுகிறது

குளத்துத் தண்ணீரை நேரே சென்ட்ரிஃப்யூஜுக்கு விடுகிறீர்களா என்று பாருங்கள். திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் பாசி இருப்பதே சாதாரணம். ஒரு கிலோ எடுக்க 2,000 லிட்டர் தண்ணீரைச் சுழற்ற வேண்டும். கன மீட்டருக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் கிலோவுக்கு 2 யூனிட், அதாவது 7.2 மெகாஜூல். மின்சாரமாகவே இவ்வளவு போய்விட்டால் அப்புறம் என்ன மிஞ்சும்?

முதலில் படிய வையுங்கள், அல்லது குமிழி விட்டு மிதக்க வைத்து வழித்தெடுங்கள். ஒரு சதவீதம் வரை கெட்டியானாலே சுழற்ற வேண்டியது 100 லிட்டர்தான். மின்செலவு இருபதில் ஒரு பங்கு.

படிகாரம் போட்டுத் திரள வைத்தால் வேலை சுலபம், ஆனால் அலுமினியம் பாசியோடு ஒட்டிக்கொண்டு சாம்பலாக வரும். பின்னால் எரு போடவோ தீவனமாக்கவோ நினைத்தால் உதைக்கும். நல்ல வெயில் நாளில் கரியமில வாயுவை நிறுத்தி வைத்தால் கார அளவு தானாக ஏறி, கடினத் தண்ணீரில் பாசி தானே திரளும். இலவசம்தான். ஆனால் அப்போது கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எக்ஸ்சேஞ்சர் பகுதியில் மறுபடி வரும்.

படிய வைத்தும் மீட்டர் குறையவில்லையா? மேலே வழியும் தெளிநீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இளம்பச்சையாக இருந்தால் பாசி குளத்துக்கே திரும்பிப் போகிறது. அதையே மறுபடி மறுபடி இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: துடுப்புச் சக்கரத்தின் ஆம்பியர் இரவும் பகலும் ஒன்றே

நீரோட்டத்துக்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். விநாடிக்கு 30 சென்டிமீட்டரில் ஓடுவதை 20-க்கு இறக்கினால் பத்தில் மூன்று பங்கு சக்தி போதும். இரவில் ஒளி இல்லை, பாசியைப் புரட்டிப் புரட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் வேலையும் இல்லை. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி கருவியைப் போட்டு இரவு வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். வளைவுகளில் பாசி படிந்து, அடியில் காற்றில்லாமல் அழுகும், காலையில் முட்டை நாற்றம் அடிக்கும்.

குழாய் வகை மூடிய கலன்கள் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை பல மடங்கு. குளத்தில் கன மீட்டருக்கு 4 வாட் அளவில் முடிவது, குழாய்களில் சில நூறு வாட்டில் தொடங்கி 2,000-ஐத் தாண்டிப் போவதும் உண்டு. எரிபொருளுக்காக மட்டும் என்றால் குழாயை விதைப் பாசி வளர்க்க வைத்துக்கொண்டு, பெரும் பயிரைக் குளத்துக்கு மாற்றுவதே சரி என்பது என் கருத்து.

அறிகுறி: கழிவு வெந்நீரைக் குளத்துக்கு விட்டும் குளம் சூடாகவில்லை

ஆகாது. 1,000 சதுர மீட்டர் குளம், 25 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 250 டன் தண்ணீர். ஒரு டிகிரி ஏற்றவே 1,045 மெகாஜூல் வேண்டும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் அந்தக் குளம் 12,000 மெகாஜூலை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஊற்றும் வெந்நீர் அதற்கு எம்மாத்திரம்?

அமெரிக்காவில் 1978 முதல் 1996 வரை நடந்த அரசாங்கப் பாசித் திட்டத்தில், நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் இதே 1,000 சதுர மீட்டர் அளவில் குளங்கள் வைத்து வளர்த்தார்கள். அங்கே இரவுக் குளிர்தான் விளைச்சலை அடித்தது. அந்த மாதிரி ஊரில் குளத்தைச் சூடாக்கும் ஆசை வருவது புரிகிறது. ஆனால் திறந்த குளத்தில் அது முடியாது. குளிர் தாங்கும் இனத்தை மாற்றுவதும், இரவுக் குளிர் குறைந்த இடத்தைத் தேர்வதும்தான் வழி. விதைப் பாசி வளர்க்கும் மூடிய சிறு தொட்டிக்கு மட்டும் அந்த வெந்நீரைக் கொடுக்கலாம்.

அறிகுறி: எச்.டி.எல் ஹீட்டர் முழுச் சக்தியில் ஓடியும் 350 டிகிரியைத் தொடவில்லை

உலர்த்தும் தொல்லையே வேண்டாம் என்று ஈரப் பாசியை அப்படியே உயர் அழுத்தத்தில் சூடாக்கிக் கச்சா எண்ணெயாக்கும் முறையைத்தான் எச்.டி.எல் என்கிறோம். 300 முதல் 350 டிகிரி, 200 பார் அழுத்தம். தண்ணீர் கொதிக்காது, திரவமாகவே இருக்கும். அதனால் ஆவியாக்கும் வெப்பம் மிச்சம். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2013-இல் 350 டிகிரியில் தொடர் ஓட்டமாக இதை நடத்திக் காட்டியபின் பலரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

இந்த முறையின் உயிர் எக்ஸ்சேஞ்சரில் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை 30-லிருந்து 350-க்கு ஏற்ற சுமார் 1.5 மெகாஜூல். 20 சதவீதம் பாசி உள்ள ஈரக் குழம்பில் ஒரு கிலோ பாசிக்கு 6 மெகாஜூல், 10 சதவீதக் குழம்பில் 13.5. வெளியே வரும் சூட்டை உள்ளே போகும் குழம்புக்குக் கொடுக்காவிட்டால் மறுபடி டிரையர் கணக்கிலேயே வந்து நிற்போம்.

ஆலை ஓடத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே ஹீட்டர் திணறினால், அழுக்கு படிந்திருக்க வாய்ப்பில்லை. வடிவமைப்புத் தாளை எடுங்கள். தண்ணீரின் தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான கிலோஜூல்) எங்கும் 4.2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த அந்த எண் குளத்துத் தண்ணீருக்குச் சரி. 300 டிகிரிக்கு மேலே அது வேகமாக ஏறும், 350-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய இரட்டிப்பு. எக்ஸ்சேஞ்சரிலிருந்து குழம்பு 310 டிகிரியில் வருகிறது, மீதி 40 டிகிரியை ஹீட்டர் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.2 வைத்துப் போட்டால் கிலோவுக்கு 168 கிலோஜூல். 200 பாரில் நீராவி அட்டவணையைப் பார்த்தால் 260. ஹீட்டரை முக்கால் பங்குக்கும் குறைவாக வாங்கி வைத்திருக்கிறீர்கள். நானும் அந்தத் தாளை மூன்று வாரம் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. தெர்மோகப்பிளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஹீட்டரை மாற்ற முடியாவிட்டால் ஓட்டத்தைக் குறைத்து ஓட்டுங்கள். அல்லது வினை வெப்பநிலையை 330-க்கு இறக்கி, விளைச்சல் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். கடைசி 20 டிகிரி மிக விலை உயர்ந்த டிகிரிகள், பல பாசிகளுக்கு அது தேவைப்படாமலும் போகலாம்.

அறிகுறி: முதலில் நன்றாக இருந்தது, நாளுக்கு நாள் எக்ஸ்சேஞ்சர் வெப்பநிலை இறங்குகிறது

இதில் இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: குழம்பு வெளியேறும் வெப்பநிலை, எக்ஸ்சேஞ்சரின் இரு முனைகளுக்கு இடையே அழுத்த வித்தியாசம்.

வெப்பநிலை இறங்கி, அழுத்த வித்தியாசம் ஏறினால், உள்ளே குழம்பு கெட்டியாகிக் குழாயை அடைக்கிறது. பெரும்பாலும் ஓட்டம் மெதுவாக இருக்கும் நாட்களில், அல்லது குழம்பைச் சரியாக அரைக்காமல் கட்டியோடு விட்ட நாளில் தொடங்கியிருக்கும். பதிவேட்டில் அந்த நாளைத் தேடுங்கள்.

வெப்பநிலை இறங்கி, அழுத்தம் அப்படியே இருந்தால், சுவரில் மெல்லிய கல் படிகிறது. அரை மில்லிமீட்டர் கல் ஓட்டத்தை மறிக்காது, வெப்பத்தை மறிக்கும். அடுத்த முறை நிறுத்தும்போது ஒரு துண்டைச் சுரண்டி எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். எங்களிடம் வந்தது சாம்பல் வெள்ளை நிறத்தில், முட்டை ஓடு போல, நகத்தால் உடைக்கக்கூடியதாக இருந்தது. சுர்ரென்று நுரைத்தால் கார்பனேட். நுரைக்காமல் மெல்லக் கரைந்தால் பெரும்பாலும் பாஸ்பேட். கரையாமல் கறுப்பாகக் கிடந்தால் கரிந்த பாசி. முதல் இரண்டுக்கும் சிட்ரிக் அமிலம் சுற்றவிட்டுக் கழுவலாம், மூன்றாவதற்குக் காரக் கரைசல். எக்ஸ்சேஞ்சரின் உலோகத்துக்கு எந்த அமிலம் ஒத்துவரும் என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒருபோதும் சுற்றவிடாதீர்கள்.

கழுவினால் வெப்பநிலை திரும்ப ஏறும். ஆனால் மறுபடி அதே வேகத்தில் இறங்கினால் கழுவுவது வைத்தியம் இல்லை. கால்சியம் எங்கிருந்து வருகிறது? எங்களுக்கு விடை குளக்கரையில் இருந்தது. இலவசம் என்று தானே திரள வைத்துக்கொண்டிருந்தோம் அல்லவா, அப்போது பாசியோடு சேர்ந்து படிந்த கால்சியம்தான் அங்கே குழாயில் கல்லாகிக்கொண்டிருந்தது. கால்சியம் பாஸ்பேட்டும் கார்பனேட்டும் சூடேறச் சூடேறக் கரைவது குறையும் உப்புகள். அறுவடையான குழம்பில் லேசாக அமிலம் சேர்த்து, தண்ணீரை வடித்துவிட்டு அனுப்பியதும் கல் படியும் வேகம் பெரிதும் குறைந்தது.

இன்னொரு சாத்தியமும் உண்டு: எக்ஸ்சேஞ்சருக்குள் போகாமல் சுற்றிப் போகும் குழாயின் சுற்றுவழி வால்வு கசிவது. மூடியிருக்கும், ஆனாலும் உள்ளே கொஞ்சம் ஓடும். வால்வுக்குப் பின்னால் உள்ள குழாயை அகச்சிவப்புத் தெர்மோமீட்டரால் பாருங்கள். 200 பார் கோடு அது, கிட்டப்போய்த் தொட்டுப் பார்க்க வேண்டாம். கசிவு சந்தேகம் இருந்தால் அழுத்தத்தை முழுவதும் இறக்கியபின்தான் ஸ்பானர்.

அறிகுறி: ஹெக்சேன் பிரிவில் நீராவிச் செலவு ஏறுகிறது, காற்றுக்குழாயில் ஹெக்சேன் வாடை

ஹெக்சேன் என்பது காய்ந்த பாசியிலிருந்து எண்ணெயைக் கரைத்தெடுக்கும் கரைப்பான். வாடை வந்தால் முதலில் பாதுகாப்பு, தீப்பொறி எதுவும் அருகில் கூடாது. அப்புறம் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டன்சருக்கு வரும் குளிர்நீர் எத்தனை டிகிரி என்று பாருங்கள். நம் கடற்கரையில் கூலிங் டவர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வெயில் காலத்தில் 31, 32-க்குக் கீழே தண்ணீர் வராது. கண்டன்சரை 25 டிகிரி நீருக்கு வடிவமைத்திருந்தால் ஹெக்சேன் முழுதும் திரும்பாமல் காற்றில் போகும்.

நீராவிச் செலவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. ஹெக்சேனை ஆவியாக்க கிலோவுக்கு 335 கிலோஜூல்தான், தண்ணீரோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் பாசி சரியாகக் காயாமல் வந்தால் ஹெக்சேன் உள்ளே இறங்காது. எண்ணெய் குறைகிறதே என்று இயக்குபவர் ஹெக்சேனைக் கூட்டுவார். கூட்டியதை எல்லாம் காய்ச்ச வேண்டும். மறுபடி முந்தைய கட்டம்.

தவிட்டு எண்ணெய் ஆலைகளில் நெடுங்காலமாக இருக்கும் ஒரு ஏற்பாட்டைப் பாசி ஆலைகளும் எடுத்துக்கொள்ளலாம். புண்ணாக்கிலிருந்து கரைப்பானை ஓட்டும்போது எழும் ஆவியை நேரே கண்டன்சருக்கு அனுப்பாமல், எண்ணெய்க் கரைசலைக் காய்ச்சும் முதல் கலனுக்குள், வெற்றிடத்தில், வெப்பமாகக் கொடுப்பார்கள். அந்தக் கலனுக்குத் தனி நீராவி ஏறக்குறைய வேண்டாம்.

அறிகுறி: வெப்ப மீட்பு போட்டாயிற்று, பாய்லர் விறகு குறையவில்லை

எக்ஸ்சேஞ்சர் வேலை செய்கிறது, வெப்பம் மாறுகிறது, ஆனால் மிச்சம் இல்லை. எந்த வெப்பம் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வெப்பநிலை வரிசையில் எழுதுங்கள். 1970-களின் பிற்பகுதியில் போடோ லின்ஹாஃப் முறைப்படுத்திய பிஞ்ச் ஆய்வின் சாரம் இதுதான்: ஒவ்வொரு ஆலையிலும் ஒரு வெப்பநிலை எல்லை இருக்கும், அதற்கு மேலே வெப்பம் பற்றாக்குறை, கீழே உபரி. மேலே இருப்பதைக் கீழே இறக்கினால், இறக்கிய அளவுக்கு மேலே பாய்லர் எரிக்க வேண்டும், கீழே அதே அளவுக்குக் கூலிங் டவர் கொட்ட வேண்டும்.

நான் பார்த்த ஒரு இணைப்பு: எச்.டி.எல்லிலிருந்து வரும் 300 டிகிரி ஓட்டத்தில் ஒரு கிளையைப் பிரித்து, சாண எரிவாயுக் கலன் மாதிரியான ஒரு செரிகலனை 37 டிகிரியில் வைக்கக் கொடுத்திருந்தார்கள். பக்கத்திலேயே கேஸ் இன்ஜினின் குளிர்நீர் 85 டிகிரியில் ரேடியேட்டர் வழியே காற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. குழாய்களை மாற்றிப் போட்டாலே போதும்: இன்ஜின் நீர் செரிகலனுக்கு, 300 டிகிரி முழுதும் குழம்புக்கு. புது இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வெல்டர் இரண்டு நாள் வேலை செய்தார்.

இன்னொன்று நேரம். வெப்பம் பகலில் கிடைக்கிறது, இரவில் தேவைப்படுகிறது என்றால் தாளில் சேரும், ஆலையில் சேராது. ஒரு கன மீட்டர் வெந்நீர்த் தொட்டி 85-லிருந்து 45-க்கு இறங்கும்போது 167 மெகாஜூல் கொடுக்கும். நன்றாகப் போர்த்திய ஒரு தொட்டி சில இடங்களில் இன்னொரு எக்ஸ்சேஞ்சரைவிடப் பயன்படும்.

அறிகுறி: கண்டன்சேட் குழாயிலிருந்து வெண்புகை

7 பார் நீராவியின் கண்டன்சேட்டை, அதாவது வெப்பம் கொடுத்தபின் அது மாறிய சுடுநீரை, வெளியே விட்டால் அதில் 13 சதவீதம் மறுபடி ஆவியாகப் பறக்கும், மீதி சூடாகச் சாக்கடையில் போகும். பாய்லருக்கே திருப்புங்கள். ஊட்டநீர் 6 டிகிரி ஏறினால் எரிபொருள் ஒரு சதவீதம் குறையும். ஹெக்சேன் பிரிவின் கண்டன்சேட்டை மட்டும் கசிவுச் சோதனை இல்லாமல் பாய்லருக்கு விடாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் சரி செய்தும் மொத்தக் கணக்கு நேராகவில்லை

வெப்பத்தை விட்டுவிட்டு உர மூட்டையைப் பாருங்கள். உலர் பாசியில் 8 சதவீதம் நைட்ரஜன் என்றால் கிலோவுக்கு 80 கிராம். அதை அம்மோனியாவாகத் தயாரிக்க எங்கோ ஒரு உர ஆலையில் 3 மெகாஜூலுக்கு மேல் எரித்திருக்கிறார்கள். நம் மீட்டரில் ஓடாததால் நாம் எழுதுவதில்லை.

எச்.டி.எல்லில் பாசியின் நைட்ரஜனில் பெரும் பகுதி மிஞ்சும் பழுப்பு நீரிலேயே இருக்கிறது. அதைக் குளத்துக்குத் திருப்பலாம், ஆனால் ஃபீனால் வகைப் பொருட்களும் அதில் உண்டு. அப்படியே ஊற்றினால் பாசி செத்துவிடும். எத்தனை மடங்கு நீர்த்தால் தாங்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். வெளியே வெயிலில் வெள்ளை பக்கெட்டுகளை வரிசையாக வையுங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு விதைப் பாசி. பழுப்பு நீரை ஒன்றில் 50 மடங்கு நீர்த்து, அடுத்ததில் 100, பிறகு 200, 400 என்று ஊற்றுங்கள். கடைசி பக்கெட்டில் வழக்கமான உரம். நாலாம் நாள் காலையில் எந்த பக்கெட்டின் பச்சை, உரம் போட்ட பக்கெட்டின் பச்சைக்குச் சமமாக நிற்கிறதோ, அந்த அளவில் ஒரு குளத்துக்கு மட்டும் விட்டுத் தொடங்குங்கள்.